கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும்

"ஊசி இல்லாம, மெஷின் இல்லாம பண்ண முடியுங்களா டாக்டர்?"

கோபி, பவானி, அந்தியூர் பக்கமிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெற்றோர் இப்போதெல்லாம் உட்காருவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுகிறார்கள். நான் வேலைக்கு வந்த காலத்தில் கேள்வியே வேறு. "எப்படியும் விழப்போற பல்லுதானுங்க, புடுங்கிப் போட்டுருங்க" என்பார்கள். கேள்வி மாறியிருப்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். பால் பல்லையும் காப்பாற்றலாம், அதைக் குழந்தையைக் கட்டிப்பிடித்து அலறவிடாமல் செய்யலாம் என்கிற செய்தி ஊர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் முடியும் என்றுதான் பெரும்பாலும் பதில் சொல்கிறேன். உடனே அம்மாவோ பாட்டியோ குழந்தை பக்கம் திரும்பி, "பாத்தியா சாமி, வலிக்கவே வலிக்காதாம்" என்பார்கள். அந்த இடத்தில் நான் குறுக்கே புகுந்துவிடுவேன். ஊசியும் மெஷினும் வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். வலிக்கவே வலிக்காது என்று சொல்லவில்லை.

நான் குழந்தைகளுக்கான பல் மருத்துவர். சொத்தைக்கு மென்மையான முறைகள் என்று சொல்லப்படுகிற எல்லாவற்றையும் தினமும் செய்கிறேன், அவற்றை முழு மனதோடு நம்புகிறேன். ஆனாலும் அவற்றுக்குள் வலி இருக்கிறது. குறைந்த வலி, சின்ன வலி, சில விநாடிகளில் போய்விடுகிற வலி. பழைய முறையில் குழந்தை அழுதால் ஊசி போட்டோம், ட்ரில் ஓடியது, அழத்தான் செய்யும் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். புதிய முறையில் அதே குழந்தை "நோவுது" என்றால், "இதுல எங்க வலிக்குது, சும்மா நடிக்காத" என்கிற பதில் வருகிறது. பெற்றோரிடமிருந்து மட்டும் இல்லை, எங்கள் ஆட்களிடமிருந்தும் வருகிறது. சிகிச்சை மென்மையாக ஆக, குழந்தையின் பேச்சை நம்புவது குறைந்துகொண்டே போகிறது. இதுதான் பல நாளாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

முறைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வலி எங்கே வருகிறது என்பது அப்புறம்தான் புரியும்.

இவற்றில் அதிகம் பேசப்படுவது ஏ.ஆர்.டி., அதாவது அட்ராமேட்டிக் ரெஸ்டோரேட்டிவ் ட்ரீட்மென்ட். 1980களின் நடுவில் தான்சானியாவில், யோ ஃபிரென்கென் என்ற டச்சுப் பல் மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் தொடங்கிய முறை. மின்சாரம் இல்லாத ஊர்கள். ட்ரில் ஓடாது. சொத்தைப் பல் என்றால் பிடுங்குவது ஒன்றே வழி. அங்கே கையால் பிடிக்கிற கருவிகளை மட்டும் வைத்து, பல்லின் மெத்தென்று ஆகிப்போன பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒட்டிக்கொள்ளும் ஒரு சிமெண்டால் அடைத்தார்கள். அந்த கிளாஸ் அயனோமர் சிமெண்ட் 1972ல் லண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உலகத்துக்குச் சொன்னது. பல்லோடு தானாகவே ஒட்டும், ஃபுளோரைடையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். 1991ல் தாய்லாந்தில் கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள். 1994 ஏப்ரல் 7, உலக சுகாதார தினத்தில் உலக சுகாதார நிறுவனம் இதை ஊக்குவித்து முன்வைத்தது.

இதில் நாம் மறந்துவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. ஏ.ஆர்.டி. பிறந்தது கரண்ட் இல்லாததால். வலியில்லாமல் செய்யவேண்டும் என்ற தேடலில் பிறந்ததில்லை. குழந்தைகள் இதற்குக் கொஞ்சம் குறைவாகவே பயப்படுகிறார்கள், பல நேரம் ஊசியும் தேவைப்படுவதில்லை என்பதெல்லாம் கூடவே கிடைத்த நன்மைகள். நல்ல நன்மைகள்தான். ஆனால் வலியே வராது என்று யாரும் உத்தரவாதம் எழுதித் தரவில்லை.

அடுத்தது ஹால் முறை. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர், சாதாரண ஊர் கிளினிக்கில், 1980களிலிருந்து செய்துவந்தது. சொத்தையைச் சுரண்டவே மாட்டார். பல்லைத் தேய்க்கவும் மாட்டார். ஏற்கெனவே செய்து வைத்த எவர்சில்வர் கேப் ஒன்றை, உள்ளே சிமெண்டை நிரப்பி, சொத்தைப் பல்லின் மேல் அப்படியே அழுத்தி உட்கார வைத்துவிடுவார். உள்ளே மாட்டிய கிருமிகளுக்குச் சர்க்கரை போய்ச் சேராது, சொத்தை அடங்கிவிடும். கேட்டவுடன் எங்கள் துறையில் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. சொத்தையை உள்ளேயே வைத்து மூடுவதா என்று கேட்டார்கள். 2006ல் அவருடைய நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து கட்டுரை வந்தது. 2007ல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரைச் சேர்ந்த நிக்கோலா இன்னஸும் டஃபித் எவன்ஸும் 132 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு வந்தது. இந்த ஆய்வைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

மூன்றாவது சில்வர் டயமின் ஃபுளோரைடு. ஜப்பானில் 1970லிருந்து புழக்கத்தில் உள்ள மருந்து. சொத்தையின் மேல் ஒரு சின்னப் பிரஷ்ஷால் தொட்டு வைப்பது, அவ்வளவுதான். சொத்தை நின்றுவிடும், அந்த இடம் கறுத்துவிடும். 2021ல் உலக சுகாதார நிறுவனம் இதையும் கிளாஸ் அயனோமர் சிமெண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இவை போக, பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பாயின் கலந்த ஜெல் ஒன்று இருக்கிறது. பிரேசிலில் 2003ல் வந்தது, அதைப் போன்றவை இந்தியாவிலும் கிடைக்கின்றன. சொத்தைப் பகுதியை இன்னும் இளக்கிக் கொடுக்கும், சுரண்டுவது சுலபமாகும்.

இப்போது வலிக்கு வருவோம்.

பால் பல்லுக்கு உணர்ச்சி கிடையாது என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தவறு. பால் பல்லுக்கும் நரம்பு உண்டு, ரத்தக்குழாய் உண்டு. சொல்லப்போனால் பால் பல்லின் எனாமல் நிலைப் பல்லில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி கனம்தான். நரம்புக்கூடும் மேற்பரப்புக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது. அதனால்தான் நேற்று சின்னப் புள்ளியாக இருந்த சொத்தை, பள்ளி லீவு முடிவதற்குள் நரம்பைத் தொட்டுவிடுகிறது.

எனாமலுக்குக் கீழே இருக்கிற டென்டின் என்ற அடுக்கு பார்க்கத்தான் கெட்டி. உள்ளே, இடியாப்ப அச்சு மாதிரி, ஆனால் கண்ணுக்கே தெரியாத அளவில், ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். அவற்றுக்குள் திரவம். காற்றோ குளிரோ அழுத்தமோ பட்டால் அந்தத் திரவம் நகரும், அந்த நகர்வை நரம்பு வலியாக எடுத்துக்கொள்ளும். ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரென்ஸ்ட்ரம் 1960களில் சோதனைகளோடு நிலைநாட்டிய விளக்கம் இது. சொத்தையின் மேலடுக்கு செத்துப்போன, ஈரமான, மெத்தென்ற பகுதி. அதைச் சுரண்டும்போது குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. விரலை ஆட்டிக்கொண்டே படுத்திருக்கும். அதற்கும் கீழே, கொஞ்சம் கெட்டியாக, தோல் மாதிரி உரியும் பகுதி இருக்கிறது. அது சாகவில்லை. அங்கே உணர்ச்சி இருக்கிறது.

ஆக, கையால் சுரண்டுகிற முறையில் முக்கால் பங்கு நேரம் வலியே இருக்காது. கடைசிக் கொஞ்ச நேரத்தில்தான் வருகிறது. அந்தக் கடைசியில் நரம்புக்கு மேலே இருக்கிற மெத்தென்ற பகுதியை விட்டுவிடலாம் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். 2016ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட கருத்தொருமிப்பு அதையே சொல்கிறது. எல்லாவற்றையும் வழித்தெடுத்து நரம்பைத் திறந்துவிடுவதைவிட, கொஞ்சம் விட்டு நன்றாக மூடுவது மேல். ஆனால் குழியின் ஓரத்தை விடமுடியாது. சிமெண்ட் ஒட்டிப் பிடிப்பது அங்கேதான். ஓரம் சுத்தமாக, கெட்டியாக இருந்தாக வேண்டும். எனாமலும் டென்டினும் சேர்கிற அந்த ஓரம் கூச்சம் மிகுந்த இடம். என் அனுபவத்தில், ஏ.ஆர்.டி. செய்யும்போது குழந்தை உதறுவது பெரும்பாலும் குழியின் ஆழத்தில் இல்லை, ஓரத்தில்தான். அப்புறம் குழியைக் காய வைக்கக் காற்றை அடித்தால் அது தனி வேதனை. பஞ்சை உருட்டி ஒற்றி எடுத்தாலே போதும், அந்த முறையை உண்டாக்கியவர்களும் அதைத்தான் செய்தார்கள். கையில் காற்று ஊதும் கருவி இருக்கிறதே என்பதற்காக அதை உபயோகிக்க வேண்டியதில்லை.

ஹால் முறையில் சுரண்டுவதே இல்லை, ஆனால் அழுத்தம் இருக்கிறது. பற்கள் நெருக்கமாக இருந்தால் மூன்று முதல் ஐந்து நாள் முன்னாலேயே இடையில் சின்ன ரப்பர் வளையங்களை மாட்டிவிடுவோம், இடம் கிடைப்பதற்காக. அந்த நாட்களில் பல்லிடுக்கில் இறுக்கமாக ஏதோ மாட்டிக்கொண்டது போலவே இருக்கும். சில குழந்தைகள் அந்தப் பக்கம் மென்று சாப்பிடாது. சில குழந்தைகள் நாக்கால் நோண்டி எடுத்தே விடும். கேப்பை அழுத்தும்போது ஈறு வெளுத்துப்போகும், இறுக்கிப் பிடிக்கும். சிமெண்ட் வாயில் கசிந்து புளிக்கும். கேப் உட்கார்ந்த பிறகு கடி உயர்ந்து நிற்கும். மற்ற பற்கள் சேராது. சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் முதல் நாள் ராத்திரி சோற்றை மெல்லத் தெரியாமல் ஐந்து வயதுக் குழந்தை அழுதால், அதற்குக் காரணம் இருக்கிறது.

சில்வர் மருந்தில் வலி மிகக் குறைவு. உலோக வாடையும் கசப்பும்தான் பெரும்பாலும் தொந்தரவு. ஈறில் பட்டுவிட்டால் வெள்ளையாகி எரியும், ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். ஏற்கெனவே சொத்தையைச் சுற்றி ஈறு புண்ணாகி ரத்தம் கசிகிற குழந்தைக்கு அந்த எரிச்சல் கூடுதலாக இருக்கும். உதட்டிலும் ஈறிலும் வாஸ்லின் தடவிக்கொண்டால் பெருமளவு தவிர்க்கலாம்.

நான் மேலே அடுக்கிய எல்லாமே சின்ன விஷயங்கள் என்று ஒரு பெரியவர் சொல்லலாம். பெரியவருக்குச் சின்னது. பல் மருத்துவர் நாற்காலியில் முதல்முறை படுத்து, வெளிச்சம் கண்ணில் அடிக்க, வாயைத் திறந்து வைத்திருக்கிற குழந்தைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாது. இது எப்போது முடியும் என்றும் தெரியாது. அந்த நிலையில் சுருக்கென்று ஒன்று பட்டால், இதற்குமேல் இன்னும் பெரிதாக வரப்போகிறது என்றுதான் அது நினைக்கும்.

சரி, குழந்தைக்கு வலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் எங்கள் துறையின் கணக்கு எனக்கு உறுத்துகிறது. 2007 ஸ்காட்லாந்து ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 132 குழந்தைகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு பல்லில் ஹால் முறை, இன்னொரு பல்லில் வழக்கமான அடைப்பு. ஹால் முறையில் 118 பேருக்கு, அதாவது 89 சதவீதத்துக்கு, அசௌகரியம் துளியும் தெரியவில்லை, அல்லது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு என்று பதிவானது. வழக்கமான முறையில் 103 பேர், 78 சதவீதம். குழந்தைகள், பெற்றோர், மருத்துவர்கள் மூன்று தரப்பிலும் பெரும்பான்மை ஹால் முறையையே விரும்பினார்கள். அருமையான முடிவு. நான் இந்த முறைக்கு மாறியதற்கு இதுவும் காரணம். ஆனால் அந்த அசௌகரியத்தைக் கணித்து எழுதியவர்கள் சிகிச்சை செய்த மருத்துவர்கள். கேப்பை அழுத்திய கையே மதிப்பெண்ணும் போட்டது. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். படிக்கிற நாம்தான் 89 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, "வலிக்காது" என்று மொழிந்துவிடுகிறோம். மருத்துவர் கண்ணுக்கே தெரிகிற அளவு கஷ்டப்பட்ட 14 குழந்தைகள் பாக்கி இருக்கிறார்கள்.

வேறு வழிகளும் உண்டு. குழந்தை எழுப்பும் சத்தம், கண், கைகால் அசைவு மூன்றையும் பார்த்து மதிப்பிடுவது ஒரு முறை. சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரிசையாக வரைந்து காட்டி, எது நீ என்று கேட்பது இன்னொன்று. 1980களில் அமெரிக்காவில் டோனா வோங்கும் கோனி பேக்கரும் உருவாக்கிய அந்த முகங்களை ஆஸ்பத்திரிச் சுவர்களில் பலர் பார்த்திருக்கலாம். இதயத் துடிப்பை அளப்பது மூன்றாவது. 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்தோனேசியாவில் ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் கைக்கருவியாலும் சுழல்கருவியாலும் சிகிச்சை செய்து, துடிப்பையும் நடத்தையையும் இரண்டு விதத்திலும் பதிந்தார்கள். கைக்கருவியில் அசௌகரியம் குறைவாக இருந்தது. குறைவு, அவ்வளவுதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கிற காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பாய்வும் அதே தொனியில்தான் பேசுகிறது. பால் பற்களில் ஏ.ஆர்.டி. வலியைக் குறைக்கக்கூடும், ஆனால் சான்று பலவீனமானது, அடைப்பு சீக்கிரம் போய்விடும் வாய்ப்பும் கூடுதல்.

முகங்களைக் காட்டுவதிலும் சிக்கல் உண்டு. நாலு வயதுக் குழந்தை தனக்குப் பிடித்த முகத்தைக் காட்டும். அம்மா பக்கத்தில் நின்றால் சிரித்த முகத்தைக் காட்டும். பயத்தையும் வலியையும் பிரித்துச் சொல்ல அந்த வயதில் தெரியாது. ஆகையால் "இது வலி இல்லை, வெறும் பயம்" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். எனக்கு இந்த வாக்கியம் பிடிப்பதே இல்லை. பயந்த குழந்தைக்கு அதே தொடுதல் நிஜமாகவே அதிகம் வலிக்கிறது. வலி பற்றிய ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 2020ல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்கவேண்டும் என்று சேர்த்தது. வாயால் சொல்வது வலியைக் காட்டுகிற பல வழிகளில் ஒன்றுதான் என்றும் சொன்னது. வாயில் பஞ்சும் கண்ணாடியும் இருக்கும் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது.

குழந்தைகளின் வலியை நம்ப மறுப்பது மருத்துவத்துக்குப் பழைய பழக்கம். பச்சிளம் குழந்தைகளுக்கு வலி பெரிதாகத் தெரியாது என்று சொல்லி, மிகக் குறைந்த மயக்க மருந்தோடு அறுவை சிகிச்சை செய்த காலம் 1980கள் வரை நீடித்தது. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கே.ஜே.எஸ். ஆனந்த் 1987ல் வெளியிட்ட ஆய்வுகள்தான் அந்த நம்பிக்கையை ஆட்டிவைத்தன. சரியான வலி மருந்து கொடுத்த குறைமாதக் குழந்தைகள் அறுவை சிகிச்சைக்குப் பின் நன்றாகத் தேறின. அந்தக் குழந்தைகளால் வாயால் சொல்ல முடியவில்லை, யாரோ ஒருவர் ரத்தத்தில் அளந்து பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது. நம் நாற்காலியில் இருக்கிற குழந்தைக்கு வாய் இருக்கிறது, கை இருக்கிறது.

சத்தம் போட்டு அழுகிற குழந்தைகளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அமைதியாகப் படுத்திருக்கிற குழந்தைகள்தான் எனக்குக் கவலை. பவானிப் பக்கம் ஜமக்காளம் நெய்கிற குடும்பத்துப் பையன் ஒருவன் பாட்டியோடு வந்தான். ஆறு வயது இருக்கும். "எம் பேரன் தைரியசாலிங்க டாக்டர், ஊசி போட்டாக்கூட அழ மாட்டான்" என்று பாட்டி பெருமையாகச் சொன்னார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் குழி. சுரண்டிக்கொண்டு வரும்போது அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. என் உதவியாளர் அக்காதான் அவன் காலைக் காட்டினார். கால் விரல்கள் எல்லாம் உள்ளே மடிந்து, பாதம் வில்லாக வளைந்திருந்தது. நிறுத்திவிட்டு, "வலிக்குதா தம்பி?" என்றேன். பாட்டியைப் பார்த்தான். இல்லை என்று தலையாட்டினான். பாட்டியிடம் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன். "அந்த ஓரமாத் தொட்டா நோவுதுங்க" என்றான். எவ்வளவு தெளிவான பதில் பாருங்கள். ஒரு துளி மரத்துப்போகும் மருந்து போதுமாக இருந்தது. அதை ஊசியில்தான் போட்டேன், மெதுவாக, முதலில் ஜெல்லைத் தடவிவிட்டு. ஊசியைவிட அந்த ஓரம்தான் அதிகம் வலித்தது என்று அவனே சொன்னான்.

ஊசி இல்லாமல் செய்வது என் இலக்கு கிடையாது என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். குழந்தை துன்பப்படாமல் பல் நிற்கவேண்டும். பல நேரம் அதற்கு ஊசி தேவையில்லை. சில நேரம் ஊசிதான் இருப்பதிலேயே மென்மையான வழி. ஊசியே கூடாது என்று வைராக்கியமாக நின்று, சுரண்டச் சுரண்ட உதறுகிற குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டால், எந்தப் பெயர் வைத்த முறையானாலும் அது மென்மையானது இல்லை.

என்னுடைய கிளினிக்கில் பேச்சை முதலிலேயே வேறு மாதிரி தொடங்குகிறேன். "கொஞ்சம் கூசும். கூசினால் இடது கையைத் தூக்கு. நான் நிறுத்திடுவேன்." இப்படிச் சொல்லிவிட்டு, ஒன்றுமே செய்யாமல் ஒருமுறை கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். தூக்குவார்கள், நான் கருவியை வெளியே எடுத்துவிடுவேன். குழந்தை அதைப் பார்க்கவேண்டும். அதன் பிறகு ஆரம்பத்தில் சிலர் சும்மாவே இரண்டு மூன்று தரம் தூக்குவார்கள், நிஜமாகவே நிறுத்துகிறேனா என்று பார்ப்பதற்கு. நிறுத்துகிறேன். அதற்குச் செலவாகிற நேரம் மிகக் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்தான் கண்ணு, முடிஞ்சிருச்சு என்று சொல்லிக்கொண்டே தொடர்ந்தால், அந்தக் கை அப்புறம் எழாது. வலி போய்விட்டதென்று நாம் நினைத்துக்கொள்வோம்.

கேப் மாட்டுகிற குழந்தைக்குச் சொல்வது வேறு. "இறுக்கிப் பிடிக்கும், பத்து எண்ணும் வரைக்கும் பஞ்சை நல்லாக் கடிச்சுக்கோ. வாய் புளிக்கும்." சேர்ந்து எண்ணுவோம். முடிவு எங்கே என்று தெரிந்த அழுத்தத்தைக் குழந்தைகள் ஆச்சரியப்படும் அளவு தாங்குகிறார்கள். சுரண்டும்போது கருவி கூர்மையாக இருக்கவேண்டும். மொட்டைக் கருவி கூடுதல் அழுத்தம் கேட்கும். பள்ளி முகாம்களில் இதைத்தான் நான் முதலில் சோதிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பல் போதும். சில நாள் ஒன்றும் செய்யாமல் ஃபுளோரைடு மட்டும் தடவி அனுப்பிவிடுவேன். தூரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களுக்கு அது வருத்தம்தான், புரிகிறது. கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். அந்த அவசரத்தில்தான் பல குழந்தைகளுக்கு மூன்று பல் ஒரே நாளில் சுரண்டப்படுகிறது.

எந்தக் குழந்தைக்கு இந்த முறைகள் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து அழுகிற வலி, தானாக வந்து மணிக்கணக்கில் நிற்கிற வலி, ஈறில் சீழ்க்கொப்புளம், கன்னத்தில் வீக்கம். இவை இருந்தால் நரம்பு கெட்டுவிட்டது. மேலே கேப்பை மாட்டினாலும் சில்வர் மருந்தைத் தடவினாலும் வலி உள்ளேயே இருக்கும். அந்தப் பல்லை மரத்துப்போகச் செய்து வேர் சிகிச்சை செய்யவேண்டும், இல்லை எடுத்துவிடவேண்டும். குழந்தை பயப்படும் என்று பார்த்துப் பார்த்துத் தள்ளிப்போடுவதில் அது அனுபவிக்கிற வலியை யாரும் எந்தத் தாளிலும் குறிப்பதில்லை. சிகிச்சையின்போது வருவது நிமிடங்கள். சிகிச்சை இல்லாமல் வருவது இரவுகள்.

பிரிட்டனில் 2020ல் வெளிவந்த ஃபிக்ஷன் என்ற பெரிய ஆய்வு எனக்கு இதை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறது. 72 கிளினிக்குகள், மூன்றிலிருந்து ஏழு வயது வரை 1,144 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அடைப்பு, ஒரு பிரிவுக்குச் சொத்தையை மூடி வைக்கும் முறை, ஒரு பிரிவுக்குத் தடுப்பு மட்டும். ஏறக்குறைய மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். பல்வலியோ சீழோ வந்த குழந்தைகள் முறையே 42, 40, 45 சதவீதம். பெரிய வித்தியாசமே இல்லை. எந்த முறையில் போனாலும் பத்தில் நாலு குழந்தைக்கு மறுபடியும் பல் தொந்தரவு வந்தது. இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது உண்மை. சொத்தை ஒரு முறை வந்துவிட்ட வாயில் அடைப்பு மட்டும் போதாது. ராத்திரி பால் பாட்டிலோடு தூங்குவது, பிஸ்கட்டும் மிட்டாயும் நாள் முழுக்கக் கையில் இருப்பது, ஃபுளோரைடு பேஸ்ட்டை வைத்துப் பெரியவர் ஒருவர் தேய்த்துவிடாமல் குழந்தையிடமே பிரஷ்ஷைக் கொடுத்துவிடுவது, இவை மாறாமல் இருந்தால் அடுத்த பல் வரிசையில் நிற்கும். ஆகவே இந்தக் குழந்தை என்னிடம் மறுபடி வரத்தான் போகிறது. முதல் தடவை நான் அதன் பேச்சை நம்பினேனா என்பதை வைத்துத்தான் இரண்டாவது தடவை வாயைத் திறக்குமா என்பது இருக்கிறது.

கறுப்பாவதைப் பற்றியும் கேட்கிறார்கள். சில்வர் மருந்து போட்ட முன்பல் கறுத்திருந்தால் பள்ளியில் கேலி செய்வார்களே என்று. நியாயமான கவலை. கேலியும் குழந்தைக்கு நோகத்தான் செய்யும். முன்பல்லில் போடுவதற்கு முன்னால் கறுத்த பல்லின் போட்டோவைக் காட்டித்தான் சம்மதம் கேட்கிறேன். கொஞ்சம் விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையிடமும் கேட்கிறேன். ஒரு சின்னப் பெண் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், அந்தக் கூசறதையே பண்ணுங்க" என்றாள். அவளுக்கு அப்படியே செய்தோம்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. அழுதால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார் என்று பயமுறுத்திக் கூட்டி வராதீர்கள். வலிக்காது என்று வாக்குக் கொடுத்தும் கூட்டி வராதீர்கள். "டாக்டர் பல்லைப் பாப்பாங்க, கூசினா சொல்லு, நிறுத்துவாங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்" போதும். பசியோடு கூட்டி வரவேண்டாம். கேப் போட்ட அன்று ராத்திரிக்குத் தோசையைவிடக் குழைந்த சாதமோ இட்லியோ நல்லது. வலி இருந்தால் எடைக்கேற்ற அளவு பாராசிட்டமால் கொடுக்கலாம், அளவை டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கிராம்புத் தைலத்தைக் குழியில் ஊற்றினால் ஈறு வெந்துபோகும், அதுவும் வேண்டாம்.

வீடு திரும்பும் வழியில் "வலிக்கலதானே?" என்று கேட்காமல், "எங்க வலிச்சுது? எப்ப வலிச்சுது?" என்று கேளுங்கள். ஊசிபோல இருந்ததா, இறுக்கமா, குளிரா, கசப்பா என்று கேட்டால் நாலு வயதுக் குழந்தைகூட ஏதாவது ஒன்றைச் சொல்லும். அதை அடுத்த முறை வரும்போது எங்களிடம் சொல்லுங்கள். நான் சீட்டின் ஓரத்தில் அதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்: வலது கீழ் பல், ஓரத்தில் கூச்சம், காற்று அடிக்கவேண்டாம்.